புதுப்பிப்பு: உப்பாமல் போன அமெரிக்க பிஸ்கட்

புதுச்சேரியில் எங்கள் வீட்டில் செய்த அமெரிக்க வகை பிஸ்கட் (நம்மூர் மொறுமொறு பிஸ்கட் அல்ல, பன் போல உப்பி மெத்தென்று வரும் சிறு ரொட்டி) உப்பாமல் வட்டுபோல் இறுகிவிட்டது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பேக்கிங் பவுடர் பழையதோ என்று சிலர் கேட்டீர்கள். வெந்நீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கியதால் அதில் குறையில்லை. கடற்கரைப் புழுக்கத்தில், பிசிறும்போதே வெண்ணெய் உருகி மைதாவோடு கலந்துவிட்டதே காரணம். கட்டியாக உள்ள வெண்ணெய்த் துணுக்குகளின் ஈரம் ஓவனின் சூட்டில் ஆவியாகி அடுக்குகளைத் தூக்கினால்தான் பிஸ்கட் மெத்தென்று வரும்.

ஆகவே இம்முறை 250 கிராம் மைதாவுக்கு 80 கிராம் வெண்ணெயை உறையவைத்து, தேங்காய்ப்பூப்போலத் துருவிச் சேர்த்து, குளிர்ந்த கெட்டி மோர் ஊற்றி, பிசையாமல் மூன்று முறை மடித்துத் தட்டி, டம்ளரைத் திருகாமல் நேராக அழுத்தி வெட்டினேன். 220 டிகிரியில் 15 நிமிடங்களில் நன்றாக உயர்ந்து, ஓரம் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. அம்மா ஒன்றைப் பிட்டு, “பஞ்சு மாதிரி இருக்கே!” என்றார்.