ரெஃப்ரீக்கு ‘நடுவர்’ பொருந்துமா? அடுக்குமாடி வழக்குகளுக்கு ஒரு சொல்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட லயங்களை விட்டு ஐந்து மாடி ஃபிளாட்டுக்குக் குடிவந்த குடும்பங்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டு சீலிங்கில் இறங்கினால் என்ன செய்வது என்பதே பொருள். வரைவில், நீதிமன்றம் விசாரணைக்கு அமர்த்தும் ‘ஸ்பெஷல் ரெஃப்ரீ’ வரும் இடமெல்லாம் ‘சிறப்பு நடுவர்’ என்று போட்டிருக்கிறார்கள். இதை அப்படியே அச்சுக்கு விடக்கூடாது.

நடுவர் என்றதும் நம்மவர்களுக்குப் பந்துத் திடலும் பட்டிமன்றமும்தான் நினைவுக்கு வரும். அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. ரெஃப்ரீக்கு அந்த அதிகாரம் கிடையாது. 1964ஆம் ஆண்டு நீதித்துறை நீதிமன்றங்கள் சட்டத்தின் 24ஏ பிரிவின்படி உயர்நீதிமன்றம் வழக்கில் எழும் ஒரு கேள்வியை அவரிடம் ஒப்படைக்கும். அவர் விசாரித்து அறிக்கை கொடுப்பார். மன்றம் அதை முழுதாகவோ பகுதியாகவோ ஏற்ற பிறகுதான் அதற்குத் தீர்ப்பின் வலு வரும்.

‘ஆணையர்’ என்றும் எழுத முடியாது. தமிழ்நாட்டில் வழக்கறிஞர் ஆணையர் பழகிய சொல்தான். இங்கே ஊராட்சி மன்றத்துக் கட்டட ஆணையர் ஏற்கெனவே இருக்கிறார், கசிவுப் புகாரும் அவரிடமே போகிறது. ஆகவே ‘ஆய்ந்துரைஞர்’ என்று முன்வைக்கிறேன். ஆய்வதும் உரைப்பதும் அவர் வேலை, தீர்ப்பது மன்றத்தின் வேலை.

மடல் 2

ஐயா, கட்டட அளவைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சொல் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கையேட்டில் அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. மன்றம் நியமிக்கும் வல்லுநரையும் ரெஃப்ரீயையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 40ஆம் ஆணை மன்ற வல்லுநரைப் பற்றியது. அவர் கருத்துச் சொல்கிறார். அறிக்கை கைக்கு வந்த 14 நாளுக்குள் அனுமதி கேட்டு அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கட்சிக்காரர்கள் கூட்டிவரும் வல்லுநருக்கு 40ஏ ஆணை. கூலி கொடுப்பவர் யாரானாலும் அவர் கடமை மன்றத்துக்கே என்கிறது அது. ரெஃப்ரீயோ தாமே கூட்டம் கூட்டி இரு தரப்பு வல்லுநரையும் கேட்பவர்.

எந்தப் பெயர் வைத்தாலும் அவரிடம் போகும் கேள்வி சரியாக இருக்க வேண்டும். ‘யார் பொறுப்பு?’ என்று கேட்டால் அது சட்டக் கேள்வி. ‘தண்ணீர் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது, ஏன், எப்படிச் சரிசெய்வது, எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டால் சோதித்துப் பதில் சொல்லலாம்.

சோதனையின் வரிசையையும் கையேட்டில் போடுங்கள். பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குவது அங்கேதான். முதலில் தண்ணீர் வரும் குழாய்: மேல்வீட்டுக் குழாய்களை எல்லாம் அடைத்துவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பது, பிறகு அழுத்தச் சோதனை. அடுத்தது கழிவுக் குழாய்: கைகழுவும் தொட்டிக்கு ஒரு நிறம், தரைக்குழிக்கு வேறு நிறம் என்று சாயநீர் ஊற்றுவது. கடைசியாகத் தரை: தரைக்குழியை அடைத்து, நீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்து 24 மணி நேரம் விடுவது. தேக்குவதை முதலில் செய்தால் டைல்ஸுக்கு அடியிலுள்ள சிமெண்டுப் பூச்சு முழுதும் ஊறிவிடும். அதன்பின் எந்தக் குழாயைச் சோதித்தாலும் கீழே ஈரம்தான், யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தேக்கிய நீர் இறங்கிவிட்டதென்று மட்டும் பார்த்துத் தரையில் ஓட்டை என்று எழுதுகிறவர்களும் உண்டு. அடைப்பு சரியாக இறுகாவிட்டாலும் மட்டம் இறங்கும். சீலிங்கில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஈரமானியின் அளவை முன்னும் பின்னும் எடுத்தால்தான் அது சான்று. உப்புப் பூத்த சிமெண்டில் ஈரமானி கூட்டியே காட்டும். வெப்பக் கேமராவும் வெப்ப வேறுபாட்டைத்தான் காட்டுகிறது, தண்ணீரை அல்ல. சாயம் கீழே வரவில்லை என்பதால் மேல்வீடு தப்பிவிடாது. பூச்சைக் கடக்கச் சாயத்துக்குச் சில நாள் ஆகலாம். படம் எடுக்கும் முன் டைல்ஸை உடைத்துவிட்டால் அப்புறம் எந்த வல்லுநர் வந்தும் பயனில்லை.

மடல் 3

‘ஆய்ந்துரைஞர்’ காதில் ‘வழக்குரைஞர்’ போல விழுகிறது. ஃபிளாட்டுக்காரர்கள் எதிர்த்தரப்பு வக்கீல் என்று நினைத்து வீட்டைத் திறக்க மாட்டார்கள். ‘அறிக்கையர்’ போதாதா?

இன்னொன்று. இந்த ஆள் உயர்நீதிமன்றத்தில்தான் வருவார். கசிவுக்கு முதல் வழி 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக ஒழுங்குமுறைகள். அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகக் குழு பார்வையிட வேண்டும், முடித்த 5 நாளுக்குள் 28ஆம் பாரத்தில் (படிவத்தில்) சான்றிதழ் தர வேண்டும். மாறாக நிரூபிக்கும்வரை பழுது மேலே என்றே சட்டம் அனுமானிக்கும். உடன்படாதவர் கட்டட ஆணையரிடம் போகலாம். அவர் பதிவு பெற்ற பொறியாளர், கட்டடக் கலைஞர் போன்றோரின் உதவியை நாடலாம். அதற்கும் மேல், 250,000 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான கோரிக்கைக்கு அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம். இவ்வளவும் முன்னால் வரட்டும், ரெஃப்ரீ பின்னால் வரட்டும்.

மடல் 4

வரிசையை மாற்றிவிடுவோம், மூன்றாம் மடல் எழுதிய அம்மா சொன்னது சரி. ‘அறிக்கையர்’ மட்டும் எனக்கு ஒப்பவில்லை. 28ஆம் பாரத்தில் கையெழுத்துப் போடுபவரும் அறிக்கைதான் தருகிறார், மன்ற வல்லுநரும் அதையே தருகிறார். இரு தரப்பையும் உட்காரவைத்து விசாரிப்பதுதான் ரெஃப்ரீயின் தனி அடையாளம், அது ‘ஆய்ந்து’ என்பதில் இருக்கிறது. வக்கீல் என்ற மயக்கம் வராதிருக்க, முதல் தடவை வரும்போது ‘மன்ற ஆய்ந்துரைஞர்’ என்று முழுதாக எழுதலாம்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் அடுக்குமாடிப் பழுது வழக்குகளை ரெஃப்ரீக்கு அனுப்புவது வெகு சாதாரணம். சாக்லேட் ஃபாக்டரி அபார்ட்மெண்ட்ஸ் வழக்கில் 2005இல் அங்குள்ள உச்சநீதிமன்றம் தொகுத்துச் சொன்ன கொள்கைகள் இன்றும் கையாளப்படுகின்றன: முறையாக, அலசி ஆராய்ந்து எழுதிய அறிக்கையை மன்றம் பொதுவாக ஏற்கும், உண்மைச் சர்ச்சைகளை மறுபடி முதலிலிருந்து விசாரிக்காது. அங்கே தீர்ப்பைச் சொல்வது மன்றம்தான் என்றாலும், ரெஃப்ரீ முன்னால் அசட்டையாக இருந்துவிட்டு மன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர் ஏமாறுவார். கையேட்டில் இது கட்டாயம் வேண்டும்.

கட்டட வழக்குகளில் பயன்படும் ஸ்காட் அட்டவணையையும் மாதிரிக்கு ஒரு பக்கம் சேர்க்கிறேன். பழுது, இடம், கோருபவர் சொல்லும் காரணம், செலவு, எதிர்த்தரப்பின் பதில் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் காலி. அந்தக் கட்டத்தின் தலைப்பு ‘ஆய்ந்துரைஞர் முடிவு’ வேண்டாம், ‘ஆய்ந்துரைஞர் கண்டது’ என்றிருக்கட்டும். மறுப்பிருந்தால் வரைவு அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.