பெரியப்பா இல்லாத குழு

கோபி: பெரியப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட் போட்டிருக்கிறேன், பாருங்கள். போன வாரம் பார்த்த டாக்டர் கேன்சர் நாலாவது ஸ்டேஜ் என்றார். இன்றைக்குப் பார்த்தவர் முதல் ஸ்டேஜ் என்கிறார். யாரை நம்புவது?

வசந்தி அத்தை: முருகா! ஒன்று என்றே இருக்கட்டும்.

நித்யா: இரண்டு பேரும் ஒரே கட்டியைத்தான் சொல்கிறார்கள் அண்ணா. டான்சிலில் 3 செ.மீ., கழுத்தில் ஒரே பக்கம் இரண்டு நெறிக்கட்டி. பழைய கணக்கில் அது நாலு. கடைசி வரியில் 'பி16 பாசிட்டிவ்' என்று இருக்கிறதே, எச்பிவி வைரஸால் வந்திருக்கலாம் என்று அர்த்தம். அந்த வகைக்கு 2017ல் தனிக் கணக்கு வந்தது. அதன்படி ஒன்று.

கோபி: கட்டி அப்படியே இருக்க, எண் மட்டும் குறைந்ததா?

நித்யா: ஆமாம். வைரஸால் வரும் கட்டி ரேடியேஷன், கீமோவுக்கு நன்றாகக் கரையும். அதற்காக சிகிச்சையைக் குறைக்க மாட்டார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில் வேறு மருந்து கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018ல் வந்தன. இரண்டிலும் பலன் குறைந்துதான் போனது.

வசந்தி அத்தை: வைரஸா? யாரிடமிருந்து ஒட்டியதாம்? அண்ணனுக்குத் தட்டு, டம்ளர் தனியாக வைக்கச் சொல்லவா?

நித்யா: ஐயோ, வேண்டாம் அத்தை. இது உடலுறவில் பரவுவது. ரொம்பச் சாதாரணமான வைரஸ், பலருக்கும் வந்து தானாகப் போய்விடும். சிலருக்குத் தங்கி, பல வருடம் கழித்துக் கட்டியாகும். எப்போது, யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்காதீர்கள், ப்ளீஸ்.

வசந்தி அத்தை: நான் எதையும் படிக்கவில்லை 🙏

சேகர் மாமா: 82 சதவீதம் பிழைக்கிறார்கள் என்று கூகுளில் இருக்கிறதே. அத்தானுக்கு நல்லதுதானே?

நித்யா: அது 2010ல் வந்த அமெரிக்க ஆய்வு மாமா. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், வைரஸ் உள்ளவர்களில் 82, இல்லாதவர்களில் 57. ஆனால் சிகரெட்டையும் அதில் கணக்கெடுத்தார்கள். தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்து வருடத்துக்குமேல் பிடித்து, கழுத்தில் பல நெறியும் இருந்தால் அந்தப் பிரிவில் 71தான். குறைவாகப் பிடித்தவர்கள் இருந்த பிரிவில் 93. பெரியப்பா டாக்டரிடம் என்ன சொன்னார்?

கோபி: 'காலேஜில் எப்போதாவது' என்றார். பக்கத்தில்தான் இருந்தேன்.

சேகர் மாமா: எப்போதாவதா! மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் அந்த வாடைதான் அடிக்கும்.

பெரியம்மா: 1984லிருந்து 2009 வரை. தினம் ஒரு பாக்கெட். பேரன் பிறந்த அன்றைக்கு விட்டார்.

நித்யா: அப்படியென்றால் டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும் பெரியம்மா. வைரஸின் டிஎன்ஏ பரிசோதனையும் செய்யலாமா என்று கேளுங்கள். நூறில் ஒன்பது பேருக்கு அதுவும் பி16ம் ஒத்துப்போவதில்லை என்று 2023ல் ஒரு ஆய்வு வந்தது. பி16 மட்டும் பாசிட்டிவ், வைரஸ் இல்லை என்றால் இந்த 82, 93 எல்லாம் பொருந்தாது.

கோபி: சிகரெட் விஷயத்தை யார் சொல்வது? அவர் எதிரிலேயா?

பெரியம்மா: திங்கட்கிழமை நானும் வருகிறேன். டாக்டர் கேட்டால் நானே சொல்கிறேன். முறைத்தால் முறைக்கட்டும்.

கோபி: சரி பெரியம்மா. 9 மணிக்கு கார் கொண்டு வருகிறேன்.

பெரியம்மா: அப்புறம், அவரையும் இந்தக் குழுவில் சேர்த்துவிடு. போன வாரமே என் போனை எடுத்து எல்லாவற்றையும் படித்துவிட்டார்.