அடர்ந்த பூ வாசனை பூசுபவரின் குணம் அந்த வாசனையில் தெரியுமா?

பெரம்பூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பாரிமுனையில் உள்ள ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். துபாயிலிருந்து வந்த என் நாத்தனார், டாம் ஃபோர்டு நிறுவனத்தின் பிளாக் ஆர்கிட் என்ற செண்டை எனக்குக் கொடுத்தார். சந்தனமும் லேசான ரோஜாவும் தவிர வேறெதையும் பூசிப் பழகாத எனக்கு இது முதல் நாளே பிடித்துப்போனது. தெளித்தவுடன் ஈர மண்ணின் வாடை எழுகிறது. சற்று நேரத்தில் கனத்த பூ மணம் வருகிறது. மாலையில் வீடு திரும்பும்போது புடவைத் தலைப்பில் சாக்லேட்டும் சாம்பிராணியும் கலந்த ஒரு மணம் மிஞ்சியிருக்கிறது.

அலுவலகத்தில் என்னைவிட மூத்த அக்கா ஒருவர், "இது உன் சுபாவத்துக்கு ஒத்து வராதும்மா, நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர்கள் போடுகிற செண்ட் இது" என்றார். என் மேல் அக்கறை உள்ளவர் என்பதால் அவர் சொன்னதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை. நான் அதிகம் பேசாதவள் என்பதும் உண்மைதான். இணையத்தில் தேடினால், இத்தகைய மணத்தை விரும்புகிறவர்கள் மர்மமானவர்கள், பிடிவாதக்காரர்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் பூசும் வாசனைக்கும் அவருடைய குணத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? சித்திரை வெயிலில் மின்சார ரயிலில் நின்றபடி வேலைக்குப் போகிற ஒருத்திக்கு இது பொருந்துமா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மண்ணடி அத்தர் கடைக்காரர்:

சகோதரிக்கு வணக்கம். எங்கள் குடும்பம் தலைமுறைகளாக மண்ணடியில் அத்தர் வியாபாரம் செய்து வருகிறது. கடைக்குள் நுழைகிறவரின் முகத்தைப் பார்த்ததும், இவர் இன்னதைத்தான் வாங்குவார் என்று மனத்துக்குள் கணிப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்தக் கணிப்பு பொய்த்துப்போவதையும் நாள்தோறும் பார்க்கிறோம். துறைமுகத்தில் சரக்கு இறக்கி உரமேறிய கைகளோடு வருகிற பெரியவர், மோதியா என்று நாங்கள் சொல்லும் மல்லிகை அத்தரில் அரைத் தோலா கேட்பார். தலை நிமிராமல் வந்து நிற்கும் கல்லூரி மாணவி, ஊது என்று சொல்லும் அகில் மணமும் குங்குமப்பூவும் சேர்ந்த, கூடத்தையே நிறைக்கக்கூடிய அத்தரைக் கேட்டு வாங்கிப் போவாள். இவர்களில் யாருடைய குணத்தை நான் குப்பியில் படித்தேன் என்று சொல்ல முடியும்?

நான் செய்வது ஒன்றுதான். குப்பியின் மூடியோடு சேர்ந்த கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிட்டு, இப்போது முகர வேண்டாம், தெருவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். வெயிலும் வியர்வையும் பட்ட பிறகு கையை மூக்கருகே கொண்டுபோகும் போது சிலருடைய நெற்றி சுருங்கும். சிலர் மறுபடியும் மறுபடியும் முகர்வார்கள். அப்படித் திரும்ப முகர்கிறவருக்கு அந்த அத்தர் உரியது. இதில் சுபாவத்துக்கு வேலையே இல்லை.

மர்மமான பெண், ஆபத்தான பெண் என்ற பேச்செல்லாம் விளம்பரக்காரர்கள் கட்டியது. சம்பங்கியை முன்னிறுத்தி 1948இல் பிரான்சில் ஜெர்மேன் செல்லியே என்ற பெண்மணி உருவாக்கிய ஃப்ராகா, 1985இல் டியோர் நிறுவனம் வெளியிட்ட பாய்சன் போன்றவை இந்த வகையில் பெரும் பெயர் பெற்றவை. பாய்சனை விற்றவர்கள் அந்தப் பெயரிலேயே ஓர் அச்சத்தைச் சேர்த்து விற்றார்கள். ஆனால் நம் பகுதியில் விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு முழம் மல்லிகையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற பெண்ணை யாரும் மர்மமானவள் என்று சொல்வதில்லை. கனத்த பூ மணம் நமக்கு அன்றாடப் பொருள். அதன் மேல் ஒரு குணத்தை ஏற்றிப் பார்ப்பது வெளியிலிருந்து வந்த வழக்கம் என்பது என் உறுதியான எண்ணம்.

ராயபுரம் வேதியியல் ஆசிரியர்:

ஐயா சொன்னதற்கு வேதியியல் பக்கத்திலிருந்தும் ஆதரவு உண்டு. மல்லிகை, சம்பங்கி போன்ற வெண்ணிற மலர்களின் மணத்தில் இன்டோல் என்ற சேர்மம் இருக்கிறது. செறிவாக முகர்ந்தால் அது பாச்சை உருண்டையையும் அழுகலையும் நினைவூட்டும். மிகச் சிறிய அளவில் மற்ற மணப்பொருள்களோடு கலந்திருக்கும்போது, பூவுக்கு உயிருள்ள ஒரு கனத்தைத் தரும். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோப்பு வாசனைதான். இந்த மலர்கள் அந்தி சாய்ந்த பிறகே முழு வீச்சில் மணம் வீசுகின்றன. இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளை வரவழைப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. எனவே உங்கள் செண்டில் இருள் என்று சொல்லத்தக்க ஏதாவது இருந்தால், அது பூவின் இயல்பிலிருந்து வருவது. பூசுகிறவரின் மனத்திலிருந்து வருவதன்று. 2006இல் வெளியான பிளாக் ஆர்கிட்டில் பச்சோலி, வெனிலா, சாம்பிராணி சாயல்களோடு நிலத்தடியில் விளையும் டிரஃபிள் என்ற காளானின் சாயலும் சேர்க்கப்பட்டிருப்பதால், ஈர மண் வாடையை நீங்கள் உணர்ந்தது சரியே.

குணத்தோடு தொடர்பில்லை என்றாலும் உடலோடு தொடர்பு உண்டு என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. மிலின்ஸ்கி, வேடகிண்ட் ஆகிய இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நோய் எதிர்ப்பாற்றலோடு தொடர்புடைய சில மரபணுக்கள் ஒத்திருப்பவர்கள், தாங்கள் பூசிக்கொள்வதற்கென்று ஒத்த மணப்பொருள்களையே விரும்பும் போக்கு தெரிந்தது. செக் நாட்டு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட மற்றொரு ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஒருவரின் உடல் வாடை அவரே தேர்ந்தெடுத்த செண்டோடு கலந்தபோது, பிறர் கொடுத்த செண்டோடு கலந்தபோது இருந்ததைவிட இனிமையாக இருந்ததாக முகர்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். செண்டுகளைத் தனியே முகர்ந்தபோது அப்படி வேறுபாடு தெரியவில்லை. உங்களுக்குப் பிடித்திருப்பது உங்கள் தோலுக்குப் பொருந்துவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று இதைக் கொண்டு சொல்வேன். அதட்டுகிறவர், அதட்டாதவர் என்ற கணக்கு இதில் எங்கும் வரவில்லை.

தொண்டையார்பேட்டை இல்லத்தரசி:

இரண்டு பேரும் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. முகர்கிறவரின் நினைவு. எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்கும் சம்பங்கி மாலைதான், சாவு வீட்டுக்கும் சம்பங்கி மாலைதான். என் மாமியார் இறந்தபோது கூடத்தில் குவிந்த மாலைகளின் மணம் எனக்குள் தங்கிவிட்டது. இன்றும் யாராவது சம்பங்கி கலந்த செண்ட் போட்டு அருகில் வந்தால் வயிற்றைப் பிசைகிறது. அதைப் பூசியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் என் உடம்புக்கு அது தெரிவதில்லை. உங்கள் அலுவலக அக்காவுக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

குணம் சிறிதும் தெரியாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்த வாசனை என்பதில் தெரியாவிட்டாலும், எவ்வளவு பூசுகிறார்கள் என்பதில் தெரியும். நெரிசலான பேருந்தில் ஏறப்போகிறோம், கைக்குழந்தையோடு ஒருத்தி பக்கத்தில் நிற்பாள் என்ற நினைப்பு உள்ளவர் அளவோடுதான் பூசுவார்.

பெரம்பூர் வாசகி:

மூவருக்கும் நன்றி. தொண்டையார்பேட்டை அம்மா சொன்னபடி அக்காவிடம் கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் அலுவலகத்தில், எல்லோரையும் நிற்கவைத்துத் திட்டும் மேலாளர் ஒருவர் இதே போன்ற கனத்த பூ வாசனை பூசுவாராம். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும், எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்களாம். இதை அக்கா வெகுநேரம் யோசித்த பிறகுதான் சொன்னார். எனக்கு அவர்மீது இருந்த சிறு வருத்தமும் போய்விட்டது. செண்டைத் தொடர்ந்து பூசுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவருக்கும் ரயிலில் உடன் வருகிறவர்களுக்கும் தொல்லையில்லாமல் எப்படிப் பூசுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

மண்ணடி அத்தர் கடைக்காரர்:

நல்லது சகோதரி. வெயில் காலத்தில் கழுத்திலும் காதோரத்திலும் வேண்டாம். சூடு ஏற ஏற மணம் வேகமாகக் கிளம்பிப் பக்கத்தில் இருப்பவரின் மூக்கில் ஏறும். குளித்து ஈரம் நன்றாகத் துடைத்த பிறகு, ரவிக்கை அணிவதற்கு முன் வயிற்றுப் பகுதியில் ஒரே ஒரு முறை தெளித்தால் போதும். புடவைமேல் நேராகத் தெளிக்காதீர்கள். பட்டில் கறை படியும், மறுநாள் வேறு வாசனை பூசும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பூசிவிட்டால், முதலில் எழும் காரமான வாடை வீட்டிலேயே அடங்கிவிடும். சிறிது நேரத்தில் உங்கள் மூக்குக்கு மணம் தெரியாமல் போகும். மறைந்துவிட்டது என்று நினைத்து மீண்டும் தெளிக்க வேண்டாம், அடுத்தவருக்கு அது தெரிந்துகொண்டுதான் இருக்கும். குப்பியை அலமாரிக்குள், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.