ரப்பர் தோட்டத்துப் பாட்டி வந்த கப்பலை எப்படித் தேடுவது?

கெடா பேத்தி:
வணக்கம். என் அம்மாவைப் பெற்ற பாட்டி சென்ற தை மாதம் காலமானார். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே (மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தே) ஆறு பிள்ளைகளையும் ஆளாக்கியவர். 1950-களின் தொடக்கத்தில், கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினார் என்பது மட்டுமே தெரியும். ‘ரஜூலா’ கப்பல் என்கிறார் மாமா. இல்லை என்கிறார் பெரியம்மா. வருடத் திதிக்குள் பாட்டியின் கதையை எழுதிப் பேரப்பிள்ளைகள் எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். கப்பலின் பெயரையும் தேதியையும் எங்கே தேடுவது?

இருட்டோடு எழுந்து சோறு வடித்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகைத் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) தொட்டிலில் போட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலை வருகைப் பதிவுக்கு) ஓடுவாராம். வெட்டு முடிந்து, மங்குகளில் (பால் வடியும் கிண்ணங்களில்) பால் நிறையும்வரை கிடைக்கும் சிறு இடைவெளியில் மற்றவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள். பாட்டி கொட்டகைக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடியும் தன் நிரைக்கு (மர வரிசைக்கு) போவார். பள்ளி விடுமுறையில் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் எல்லோரும் மங்கு துடைக்கப் போனார்கள். தன் பிள்ளைகளை மட்டும் அவர் காட்டுக்குள் விட்டதே இல்லை. “உளி என்னோடு போகட்டும்” என்பாராம். என் அம்மா ஆசிரியை ஆனார்.

கடைசிவரை பாட்டிக்குச் சிவப்பு அடையாள அட்டைதான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கு உரியது). குடியுரிமைக்கு மலாய் பேச வேண்டும். சந்தையில் மீனுக்கு விலை பேசிய மலாய், அதிகாரியின் முன்னால் வாயில் வரவில்லை. வாக்குரிமையும் இல்லை. ஆனால் தேர்தலன்று எங்களை எழுப்பிக் கிளப்புவது அவர்தான். 2013-இல் விரலில் மை வைக்கத் தொடங்கிய பிறகு, பள்ளி வேலிக்கு வெளியே நின்று, திரும்பி வரும் ஒவ்வொருவர் விரலையும் பிடித்துப் பார்ப்பார்.

பினாங்குவாசி:
ஆழ்ந்த இரங்கல், தங்கையே. கெடாவுக்கு வந்தவர் பினாங்கில் இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். ரஜூலா 1926-இல் கட்டப்பட்ட கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடியது. ஆனால் அந்தப் பெயரின் புகழால், வேறு கப்பலில் வந்தவர்களின் வீடுகளிலும் ‘ரஜூலா’ என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் பழைய பாஸ்போர்ட்டைத் தேடுங்கள்; குடிநுழைவு முத்திரையில் தேதி இருக்கும். தாத்தாவின் தாள்களையும் விட்டுவிடாதீர்கள். 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக வேலை தேடி வருவது கடினமாகிவிட்டது. ஏற்கெனவே இங்கே இருந்தவரின் மனைவியாக வர முடிந்தது. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்திலும் விசாரியுங்கள்.

மன்னார்குடி பெயரன்:
எங்கள் அப்பாயிக்கும் சிவப்பு அட்டைதான். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது வேலை போய், குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார்கள். உங்கள் பாட்டி எப்படித் தாக்குப்பிடித்தார்? அதைக் கட்டாயம் எழுதுங்கள். கப்பலைவிட அதுதான் பெரிய செய்தி. அவரோடு வெட்டுக்குப் போன தோழிகள் யாராவது இருந்தால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். ஆவணம் காத்திருக்கும், வயது முதிர்ந்தவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

கெடா பேத்தி:
இருவருக்கும் நன்றி. ஊருக்கே போய்விடலாம் என்று தாத்தா அப்போது டிக்கெட் விசாரித்தாராம். “பிள்ளைகளுக்கு இதுதான் ஊர், நான் எங்கும் வரவில்லை” என்று பாட்டி சொல்லிவிட்டார். பெர்மிட் கிடைக்கும்வரை லயத்துக்குப் பின்னால் ஆடு வளர்த்தும், வடை சுட்டு விற்றும் அடுப்பு எரிந்திருக்கிறது. அந்த நாட்களிலும் ஒரு பிள்ளையைக்கூடப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை.

பாஸ்போர்ட் பிஸ்கட் டின்னில் கிடைத்தது. ‘பினாங்கு’ படிக்க முடிகிறது, ஆண்டு மங்கிவிட்டது. ஞாயிறன்று மாமா பூதக்கண்ணாடியோடு வருகிறார். பாட்டியோடு வெட்டிய அத்தை ஒருவர் கூலிமில் இருக்கிறார், நாளையே போகிறேன்.