ஒலிம்பிக் பூங்கா பயணம்: ரெயின் ஜாக்கெட் தோளில் ஒழுகுகிறது

ஜூன் 14 முதல் நான்கு நாள் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். என் ரெயின் ஜாக்கெட் தண்ணீரைக் குடிக்கிறது.

ஆறு வருடப் பழைய மூன்றடுக்கு ஜாக்கெட். முன்பெல்லாம் தாமரை இலை மாதிரி துளி உருண்டு ஓடும். இப்போது அரை மணி நேரத் தூறலிலேயே பையின் பட்டை அழுத்தும் இடத்தில் துணி கருத்து, உள்ளே சட்டை தோளோடு ஒட்டிக்கொள்கிறது. இதற்கென்றே விற்கும் சோப்பில் இரண்டு முறை துவைத்து, டிரையரில் மிதமான சூட்டில் போட்டேன். அப்புறம் நீர்விலக்கு ஸ்ப்ரேயும் அடித்தேன். கை, முதுகு தேறிவிட்டன; தோள் மட்டும் அப்படியே. தையல் வழியே தண்ணீர் புகாமல் உள்பக்கம் ஒட்டியிருக்கும் டேப் இடது தோளில் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்திருக்கிறது.

ஹோ மழைக்காட்டில் ஒரு நாள், 1,600 மீட்டர் உயர ஹரிகேன் ரிட்ஜில் ஒரு நாள் (மேலே ஜூனிலும் பனி கிடக்கலாம்), கடற்கரையில் ஓர் இரவு கூடாரம். கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா), கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை எல்லாம் தயார். கோடையில் மழை குறைவு என்கிறார்கள். ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் பெய்கிற காட்டை நம்ப எனக்கு மனமில்லை.

டேப்பை மாற்றி ஒட்டினால் இது நான்கு நாள் தாங்குமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?