போர்க்காலத்து வீட்டு விளையாட்டுகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தாயம், பரமபதம் மாதிரி குடும்பமாக உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளைப் பல நாடுகளில் போர்ப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்படி எதையாவது கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இணையத்தில் கிடைக்கும் படம் வேண்டாம், பார்த்த அனுபவத்தை எழுதுங்கள்.

*

நான் பார்த்தது ‘யூடன் ரவுஸ்’, அதாவது ‘யூதர்களே வெளியேறுங்கள்’. லண்டன் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. டிரெஸ்டன் நகரத்து கூன்தர் கம்பெனி 1938ல் விற்றது. பலகையில் மதில் சூழ்ந்த ஒரு ஊர். பகடை உருட்டி உள்ளே போய், கோரமாக முகம் வரைந்த ஒரு கூம்புத் தொப்பியை எடுத்துத் தன் காய்மேல் மாட்டி, மதிலுக்கு வெளியே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தத் தொப்பிதான் யூதர். யார் முதலில் ஆறு பேரை விரட்டுகிறாரோ அவருக்கு வெற்றி. ‘பாலஸ்தீனத்துக்குக் கிளம்பு’ என்று பலகையிலேயே ஒரு வரி வேறு.

இதை அரசாங்கம் அச்சடித்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இல்லை. ஒரு தனியார் கம்பெனி, வீட்டில் எல்லாரும் சிரித்து ஆடலாம் என்று விளம்பரம் செய்து லாபத்துக்கு விற்றது. இன்னொரு விஷயம் கேளுங்கள்: ஹிட்லரின் எஸ்எஸ் படையின் வாரப் பத்திரிகை ‘டாஸ் ஷ்வார்ட்ஸ கோர்’ அந்த டிசம்பரில் இந்த விளையாட்டைத் திட்டி எழுதியது. யூதர்கள்மேல் இரக்கம் வந்து அல்ல. நாங்கள் தீவிரமாகச் செய்துகொண்டிருக்கும் காரியத்தை ஒருவன் பொம்மையாக்கிக் காசு பார்க்கிறானே என்ற கோபம். அதற்கு முந்தைய மாதம்தான் ஜெர்மனி முழுக்க யூதர்களின் தொழுகைக்கூடங்களை எரித்திருந்தார்கள். ஆனால் இந்த விளையாட்டு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்து செய்ததல்ல. சந்தையில் எது விற்கும் என்று ஒரு வியாபாரி போட்ட கணக்கு. என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

*

கறாராகச் சொன்னால் 1938 போர்க்காலம் அல்ல, ஒரு வருஷம் பாக்கி. போரின் நடுவே வந்தது வேண்டுமென்றால், ஜெர்மனியில் விற்ற ‘இங்கிலாந்துமேல் குண்டுவீச்சு விமானங்கள்’. ஏலத்துக்கு முன் பார்வைக்கு வைத்திருந்தபோது பார்த்தேன். வரைபடம் ஒட்டிய சாய்வுப் பலகை, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் குண்டு ஓடிக் குழியில் விழும். லண்டனில் விழுந்தால் 100 புள்ளி, லிவர்பூலுக்கு 40. பிரஸ்ஸல்ஸிலோ ஆம்ஸ்டர்டாமிலோ விழுந்தால் புள்ளி போய்விடும், ஏனென்றால் அவை ஏற்கெனவே ஜெர்மனியின் கையில். எந்த ஊர் யாருடையது என்று பையனுக்குப் பாடம் நடத்தவே வேண்டாம், இரண்டு ஆட்டம் ஆடினால் போதும்.

*

பிரிட்டிஷ்காரர்களை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? 1914லேயே ‘வெள்ளிக் குண்டு’ வந்துவிட்டது, பெர்லினுக்குப் போகும் பாதை. கண்ணாடி மூடிய தட்டையான பெட்டி. பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து, ஓட்டைகளில் விழாமல் சின்ன உலோகக் குண்டை பெர்லின் வரை உருட்ட வேண்டும். ஒரு பழம்பொருள் சந்தையில் கடைக்காரர் என் கையில் கொடுத்து ஆடச் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, கீழே வைக்க மனமே வரவில்லை! பெர்லின் வரை போகும் வழியில் ஒரு ஜெர்மானியன் கிடையாது, வெறும் ஓட்டைகள்தான்.

*

தோக்கியோவில் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் சுகோரொக்கு தாள்கள் கிடைக்கும். நம் பரமபதம் மாதிரிதான், பகடை போட்டுக் கட்டம் கட்டமாக ஏற வேண்டும். பழைய பௌத்த சுகோரொக்குவில் தவறினால் நரகம், கடைசிக் கட்டத்தில் அமிதாப புத்தரின் சுவர்க்கம். சிறுவர் பத்திரிகைகள் புத்தாண்டு இதழோடு இதை இலவசமாகக் கொடுத்து வந்தன. போர் வந்ததும் கட்டங்களில் விமானம், டாங்கி, சிப்பாய் ஏறிவிட்டார்கள். நான் பார்த்த தாளில் சுவர்க்கம் இருக்க வேண்டிய இடத்தில் கொடியோடு வெற்றி ஊர்வலம். யாரோ ஒரு குழந்தை ஓரத்தில் பென்சிலால் புள்ளிக்கணக்கு எழுதியிருந்தது.

*

எல்லாப் போர் விளையாட்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ‘லாட்டாக்’ என்ற பலகை விளையாட்டு முதல் உலகப்போருக்கு முன்பே பிரான்சில் ஒரு பெண் பதிவு செய்தது, இன்று ஆடும் ஸ்ட்ராட்டிகோ என்ற விளையாட்டுக்கு மூதாதை. இரண்டு பக்கமும் சம படை, எதிரில் இருப்பவரின் காய் என்னவென்று தெரியாது. மேலே சொன்ன விளையாட்டுகளில் எதிரிக்கு ஆட்டத்தில் இடமே இல்லை. தொப்பியாகவோ குழியாகவோ இருக்கிறான், பகடை போடும் முறை அவனுக்கு வராது. லாட்டாக்கில் யாராவது ஒருவர் எதிரியாக உட்கார்ந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்ட்ராட்டிகோ ஆடினால் அது என் தங்கை, பெரும்பாலும் ஜெயிப்பதும் அவள்தான்.