லிகமெண்டுக்குப் ‘பிணைநார்’: தசைநாரிலிருந்து தசையைக் கழற்றலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

முழங்கால் காயங்கள் பற்றிய கையேட்டுக்கு, ஆங்கில மருத்துவச் சொற்கள் நாலைந்துக்குத் தமிழ்ச் சொல் கேட்டதில் பேச்சு யாப்பிலக்கணம் வரை போய்விட்டது. போகட்டும், நல்லதுதான். வந்த யோசனைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே மடலில் என் கருத்தை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமெண்டுக்குப் ‘பிணைநார்’, தசையை எலும்போடு இணைக்கும் டெண்டனுக்குத் ‘தசைநாண்’ என்பதே என் பரிந்துரை.

‘தசைநார்’ என்ற ஒரே சொல் இன்று மூன்று வேலை பார்க்கிறது. ஆட்டக்காரருக்குத் ‘தசைநார் கிழிவு’ என்று செய்தி வந்தால் அது லிகமெண்டாக இருக்கலாம், டெண்டனாக இருக்கலாம், தொடைத் தசையின் இழைகளாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு, ஓய்வுக்காலம் வேறு. போதாததற்குத் ‘தசைநார் சிதைவு’ என்று ஒரு மரபணு நோயையும் எழுதுகிறோம். அதில் சிதைவது தசையேதான்.

லிகமெண்டில் தசை துளிகூட இல்லை. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் கொலாஜன் என்ற புரதத்தாலான நார்க்கற்றை அது. தானாகச் சுருங்காது, எதையும் இழுக்காது. மூட்டு எந்தப் பக்கம் எவ்வளவு போகலாம் என்பதற்கு எல்லை வைப்பதுதான் அதன் வேலை. டெண்டனும் அதே கொலாஜன்தான், அதுவும் தானாகச் சுருங்காது. ஆனால் அது தசையின் முனையில் தொடங்கி எலும்பில் போய்ப் பதிகிறது, தசையின் இழுவையை எலும்புக்குக் கடத்துகிறது. எனவே டெண்டனின் பெயரில் ‘தசை’ இருக்க நியாயம் உண்டு. லிகமெண்டின் பெயரில் இருக்க ஒரு நியாயமும் இல்லை.

இது வெறும் சொல் நேர்த்தி பற்றிய கவலை அல்ல. முழங்காலின் நடுவே இருக்கும் ஏ.சி.எல். என்ற லிகமெண்டுக்கான அறுவை சிகிச்சையை விளக்கிப் பாருங்கள். “அறுந்த தசைநாரை எடுத்துவிட்டு, தொடையின் பின்புறத் தசைநார் ஒன்றைத் தசைநாராகப் பொருத்துவார்கள்.” படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? இப்படி மாற்றிப் பாருங்கள்: “அறுந்த பிணைநாரின் இடத்தில், தொடைப் பின்தசையின் தசைநாண் ஒன்றை எடுத்துப் பொருத்துவார்கள்.” எங்கிருந்து எடுக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள், எதற்காக என்பதெல்லாம் தெளிவாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பொருத்திய தசைநாண் மறுநாளே பிணைநாராகிவிடுவதில்லை. முதலில் அதிலுள்ள செல்கள் பெருமளவு மடிகின்றன. அப்புறம் புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே வளர்கின்றன, கொலாஜன் மறுபடி அடுக்கப்படுகிறது. இந்த இடைக்காலத்தில், அதாவது வலியெல்லாம் குறைந்து நன்றாக நடக்க வருகிற முதல் சில மாதங்களில், பொருத்திய தசைநாண் முதல் நாளில் இருந்ததைவிட நலிந்திருக்கிறது. ஆட்டத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 9 மாதமாவது பொறுக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்த மாற்றத்துக்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது. நாம் ‘பிணைநாராதல்’ என்று சொல்லிவிடலாம். ‘தசைநார் தசைநாராதல்’ என்று எழுத முடியுமா?

இனி, வந்த யோசனைகள்.

> டெண்டனுக்குத் தசைநாண் என்றால், நாண் என்பதை வெட்கம் என்றுதான் இளையவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வில்லின் நாண் எல்லோருக்கும் தெரியும், அரைஞாணும் தெரியும். பாடநூலிலும் தசைநாண் ஏறிவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பொருளும் கச்சிதமாகப் பொருந்துகிறது. குதிகால் தசைநாண் ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் சற்றே நீண்டு, ஆற்றலைச் சேர்த்து, கால் தரையை உந்தும்போது திருப்பித் தருகிறது. வில்லின் நினைவு சொல்லின் அழகால் மட்டும் அல்ல, வேலையாலும் வருகிறது.

> பேச்சு வழக்கில் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்கிறார்களே. நரம்பையே எடுத்துக்கொண்டால் என்ன?

அந்த வழக்கு பழையது. யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதான் பெயர். கிரேக்கத்திலும் ‘நியூரான்’ முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்த சொல், உணர்வைக் கடத்தும் நரம்பைக் குறிக்க வந்தது பிறகு. ஆனால் இன்று நரம்பு முழுக்க நரம்பியலுக்குப் போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்க முடியாது.

> யாப்பில் சீரோடு சீரைக் கட்டுவது தளை. எலும்போடு எலும்பைக் கட்டுவதற்கும் தளை என்றே வைக்கலாம். விலங்கு என்ற பொருளும் இருப்பதால் ‘கட்டுப்படுத்துவது’ என்ற கருத்தும் வந்துவிடும்.

வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிணைப்பு, தடுப்பு என இரண்டு வேலையையும் ஒரே சொல்லில் சொல்கிறது. ‘தளை அறுந்தது’ என்பது யாரும் கற்றுத்தராமலே வாயில் வரும். இருந்தும் வேண்டாம் என்கிறேன், காரணம் காது. ள, ழ, ல மூன்றையும் பிரித்து ஒலிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். “முழங்கால் தளையில் அடி” என்று பிசியோ சொன்னால் “தலையிலா?” என்று திருப்பிக் கேட்பார்கள். தாளில் மட்டும் வாழும் சொல் சிகிச்சை அறைக்கு உதவாது.

> இணைநார்?

இணைப்புத் திசு என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. தசைநாண், குருத்தெலும்பு எல்லாம் அதில் அடக்கம். அந்தத் திசுவில் உள்ள நார் என்று இதைப் படித்துவிடுவார்கள். கணிதத்தில் இணை என்றால் ஒன்றையொன்று தொடாமல் போகும் கோடுகள் வேறு. ‘பந்தகம்’ என்ற யோசனையும் வந்தது. எனக்கு அது ஒட்டவில்லை, பந்தயம் என்றே காதில் விழுகிறது.

> பிணை என்றால் ஜாமீன் அல்லவா?

தனியாக நின்றால் ஆம். பின்னால் நார் வந்ததும் அந்தக் குழப்பம் போய்விடும். பிணைத்தல், பிணைப்பு எல்லாம் அன்றாடச் சொற்கள், வேதியியலிலும் இருக்கின்றன. பிணைநாரில் ல-ள-ழ தொல்லையும் இல்லை.

ஒரு சொல்லை எளிய இடத்தில் மட்டும் சோதித்தால் போதாது என்பதால், எல்லைக்கோட்டில் நிற்கும் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முழங்காற் சில்லிலிருந்து கீழ்க்கால் எலும்புக்குப் போகிற பட்டையை மருத்துவ நூல்கள் சில இடத்தில் டெண்டன் என்றும் சில இடத்தில் லிகமெண்ட் என்றும் எழுதுகின்றன. இரண்டு முனையும் எலும்பில் இருப்பதால் பிணைநார் எனலாம். ஆனால் அந்தச் சில்லே தொடை முன்தசையின் தசைநாணுக்குள் உருவான எலும்பு. முட்டியை நீட்டும்போது முன்தசையின் இழுவை முழுவதும் இந்தப் பட்டை வழியாகத்தான் கீழே போகிறது. ஆகவே ‘சில்லுத் தசைநாண்’ என்று வைப்போம். எங்கே ஒட்டியிருக்கிறது என்பதைவிட என்ன வேலை செய்கிறது என்பதை அளவுகோலாக வைத்தால் தடுமாற்றம் வராது.

அடுத்தது முழங்காலின் நான்கு முக்கியப் பிணைநார்கள். பக்கவாட்டில் இருக்கும் இரண்டில் சிக்கல் இல்லை: உட்பக்கப் பிணைநார், வெளிப்பக்கப் பிணைநார். மூட்டின் நடுவே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் ஜோடிக்குத்தான் பெயர் தேவை.

> ‘குறுக்குப் பிணைநார்’ போதுமே. ‘சிலுவை’ என்றால் சமயச் சாயல் வந்துவிடும்.

குறுக்கு வேறொன்றுக்கு வேண்டும். முட்டிக்குள் இருக்கும் ஆப்பு வடிவக் குருத்தெலும்புகளான இரண்டு மெனிஸ்கஸின் முன்முனைகளையும் இணைத்தபடி, பெயருக்கு ஏற்றாற்போல் நேர்க்குறுக்காக ஓடும் சின்னப் பிணைநார் ஒன்று அதே முழங்காலில் இருக்கிறது. அதைக் குறுக்கு என்று சொல்லிவிட்டு இதையும் குறுக்கு என்றால் எம்.ஆர்.ஐ. அறிக்கையை மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம். ‘கத்தரிநார்’ வடிவத்துக்குப் பொருந்தும், ஆனால் அறுந்துபோன ஒன்றைப் பற்றிப் பேசும்போது கத்தரி என்றால் வெட்டியதாகத் தொனிக்கிறது. சிலுவை என்பது வடிவத்தின் பெயர், லத்தீன் மூலமும் அதுதான். முதல் முறை ஏ.சி.எல்.லை ‘முன் சிலுவைப் பிணைநார்’ என்று முழுதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் ‘முன் சிலுவைநார்’, ‘பின் சிலுவைநார்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கையேட்டில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: இந்த முன், பின் என்பவை கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் இடத்தை வைத்து வந்தவை. முன் சிலுவைநார் அங்கே முன்பக்கம் தொடங்கி, மேல்நோக்கிப் பின்னால் சாய்ந்து, தொடையெலும்பின் வெளிக்குமிழின் உட்சுவரில் போய் ஒட்டுகிறது. கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்துக்கொள்கிறது. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடல் சட்டென்று திரும்பும்போதோ, குதித்து இறங்கும்போது முட்டி உட்பக்கம் மடங்கும்போதோ இது அறுகிறது. பெரும்பாலும் யாரும் வந்து மோத வேண்டியதே இல்லை. ‘டப்’பென்று ஒரு சத்தம், சில மணி நேரத்துக்குள் மூட்டுக்குள் இரத்தம் கட்டி வீக்கம். பின் சிலுவைநாருக்கு எதிர்வேலை. கார் மோதும்போது மடங்கிய முட்டி முன்பலகையில் இடித்துக் கீழ்க்கால் பின்னால் தள்ளப்படுவது அதன் காயத்துக்கு வழக்கமாகச் சொல்லும் உதாரணம். வெளிப்புறமிருந்து முட்டியில் அடி விழுந்தால் உட்பக்கப் பிணைநார் மாட்டிக்கொள்ளும்.

பெயரை ஒரே வரிசையில் வைத்துவிட்டதால் எல்லாம் ஒரே மாதிரி ஆறும் என்று நினைத்துவிடக் கூடாது. உட்பக்கப் பிணைநார் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சேர்ந்துவிடும். முன் சிலுவைநார் முழுதாக அறுந்தால் அப்படிச் சேரும் என்று நம்பியிருக்க முடியாது. அறுந்த முனைகளைச் சுற்றி மூட்டுநீர் இருப்பதால், காயத்தை இணைக்க வேண்டிய இரத்தக்கட்டி அங்கே நிலைப்பதில்லை.

> மக்கள் எல்லாவற்றையும் ‘ஜவ்வு கிழிஞ்சுபோச்சு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாம் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

ஜவ்வு நல்ல சொல், விட்டுவிட மனமில்லை. ஆனால் அந்த ஜவ்வு ஒரு நாள் பிணைநார், ஒரு நாள் மெனிஸ்கஸ், இன்னொரு நாள் முதுகுத்தண்டின் வட்டு. பாடநூலில் சவ்வு என்றால் மெல்லிய படலம். மெனிஸ்கஸ் படலமே அல்ல. வெளிவிளிம்பில் தடித்து உள்விளிம்பில் மெலிந்த ஆப்பு வடிவக் குருத்தெலும்பு. கிரேக்கத்தில் அந்தப் பெயருக்குப் பொருள் சிறு பிறை என்பதால் ‘பிறைக்குருத்து’ என்ற யோசனைக்கு என் ஓட்டு. வெளிப்பக்கத்தது கிட்டத்தட்ட முழுவட்டம், பிறையல்ல என்று ஒருவர் சுட்டியது சரிதான். அந்தப் பொருத்தமின்மை மூலப் பெயரிலேயே இருக்கிறது, நாமும் தாங்கிக்கொள்ளலாம். கையேட்டில் முதல் முறை வரும்போது ‘ஜவ்வு என்று பலரும் சொல்லும் பிறைக்குருத்து’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் தொலைந்துபோக மாட்டார்.

பிறைக்குருத்தின் வெளிவிளிம்புக்கு இரத்த ஓட்டம் உண்டு, உள்விளிம்புக்குக் கிடையாது. ‘செம்பகுதி’, ‘வெண்பகுதி’ என்று பிரித்துவிட்டால், தைத்தால் ஒட்டும் கிழிவு எது, ஒட்டாதது எது என்பதைப் பெயரை வைத்தே விளக்கலாம். கிழிந்த துண்டு புரண்டு மூட்டுக்கு நடுவே சிக்கி, முட்டியை நீட்ட முடியாமல் போவதற்கு ‘மூட்டுப் பூட்டு’ போதும்.

வினைச்சொல்லையும் இங்கேயே முடித்துவிடலாம். நார் அறும், நாண் அறும், துணி கிழியும். நாம் இத்தனை நாள் தசைநார் ‘கிழிவு’ என்று எழுதியது ஆங்கிலத்தைப் பார்த்து. பிணைநாருக்கும் தசைநாணுக்கும் ‘அறுபடல்’, பிறைக்குருத்துக்குக் ‘கிழிவு’. பாதி போயிருந்தால் ‘பகுதி அறுபடல்’.

‘அழற்சி’யிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அடிக்கடி குதிப்பவர்களுக்குச் சில்லுக்குக் கீழே வரும் வலியை டெண்டினைட்டிஸ், அதாவது தசைநாண் அழற்சி, என்று எழுதிவந்தார்கள். நாட்பட்ட வலியில் அழற்சியைவிடக் கொலாஜன் அடுக்குக் குலைவதுதான் முதன்மையானது என்பதால் இப்போது டெண்டினோபதி என்கிறார்கள். அதற்குத் ‘தசைநாண் நலிவு’. அழற்சி என்று எழுதினால் வீக்கத்துக்கு மாத்திரை போட்டு ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். அந்த நலிவுக்குத் தேவை படிப்படியாகப் பளு கூட்டும் பயிற்சி.

மீதி இருப்பது சுளுக்கு. பிணைநார் அளவுமீறி நீண்டால் ஸ்ப்ரெயின், தசையோ தசைநாணோ நீண்டால் ஸ்ட்ரெயின். தமிழில் இரண்டுமே சுளுக்குத்தான். முதலாவதற்குச் சுளுக்கை ஒதுக்கிவிடலாம். இரண்டாவதற்கு வந்த ‘தசைப்பிடிப்பு’ தசை இறுகிக்கொள்வதைக் குறிக்கிறது, நேர் எதிர்ப்பொருள். ‘தசைப்பிசகு’ என்றால் இடம் மாறியதுபோல் இருக்கிறது. வரைவில் தற்காலிகமாகத் ‘தசை இழுபடல்’ என்று போட்டிருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. ஆட்டக் களத்தில் பயிற்சியாளர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நன்றி.